வன்னி நாட்டுத் துவக்குத் தொழிலும் அதன் ஊறுகளும்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றை ஏந்தியோரைப் பற்றியே எழுதினர். அவற்றைச் செய்தோரைப் பற்றி எழுதினோர் சிலர். செய்யுங்கால் விரலிழந்தோர், கண்ணிழந்தோர், நெஞ்சிற் புழுதி படிந்து மாண்டோர் ஆகியோரைப் பற்றி எழுதினோர் மிகச் சிலர். வன்னிப் பெருநிலத்தைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்னும் மூன்று மாவட்டங்களிலும் நாட்டுத் துவக்குகள் கிராமத்துக் கைவினையாகச் செய்யப்பட்டு வந்துள்ளன. ஆயினும் அது ஒரு தொழிலென எந்த ஏட்டிலும் பதியப்பட்டதன்று. பதியப்படாத தொழிலில் நேரும் ஊறும் பதியப்படுவதில்லை. எனின், அவ்வூறு எங்கே போயிற்று? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகத்தார் துப்பாக்கி என்பதை ஈழத்தார் துவக்கு என்பர். துருக்கியரிடை வழங்கிய ஒரு சொல்லே பாரசீகம், உருது முதலிய மொழிகளூடு கிழக்கு நோக்கி வந்து துப்பாக்கி எனவும் துவக்கு எனவும் திரிந்தது. சிங்களத்திலும் அது துவக்குவ ஆயிற்று. இதற்குத் தூய தமிழ்ச்சொல் தேடுவோர் உளர். சுடுகலன் என்பது நல்ல சொல்லே. எனினும் வன்னிக் காட்டோரத்திற் பன்றிக்குக் காவலிருக்கும் கமக்காரனிடம் சுடுகலன் உண்டோவென வினவின், அவன் நம்மை ஐயத்தோடு நோக்குவான். அவன் அறிந்தவை இரண்டு. ஒன்று இடியன், வாய்வழியே மருந்தும் சன்னமும் இடித்து நிரப்பப்படுவதாற் போலும் இப்பெயர் பெற்றது. மற்றது கட்டுத்துவக்கு, விலங்கு வரும் தடத்திற் கட்டிவைக்கப்பட்டு, அது இடறுங்கால் ஆளில்லாமலே வெடிப்பது.

இலங்கையிற் துவக்குச் செய்யுங் கலை அயலாரிடமிருந்து கற்கப்பட்டதேயாயினும், கற்றோர் கற்பித்தோரை விஞ்சினர் என்பதற்குச் சான்றுண்டு. போர்த்துக்கேயர் 1505இல் இத்தீவிற் கால்வைத்த காலத்தில் இங்கு இக்கலை வேரூன்றியிருக்கவில்லை. ஆயின் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே, கீழைத்தேயங்களைப் பற்றி 1596இல் நூல் வெளியிட்ட ஒல்லாந்தராகிய லின்ஸ்கோட்டன், சிங்களக் கைவினைஞர் செய்த துவக்குக் குழல்களின் அழகையும் மெருகையும் வியந்து எழுதினார். கண்டியரசின் துவக்குகள், பொறி இடப்புறத்தில் அமைய, அடிக்கட்டை பிளவுபட்ட வடிவினதாய், நூதனசாலைகளில் இன்றும் காணத்தக்கன. வெடியுப்பும் உள்நாட்டிலேயே கிடைத்தது. வௌவால்கள் அடையும் மலைக்குகைகளின் மண்ணிலிருந்து அது எடுக்கப்பட்டமையை 1821இல் வெளிவந்த தமது நூலில் யோன் டேவி விரித்துரைத்துள்ளார்.

வன்னி யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட நிலம். இரு புறத்துப் படைகளும், பின்னர் ஐரோப்பியரின் படைகளும் அதனூடு நடந்தன. பண்டார வன்னியன் 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் நிலையைத் தாக்கியதும், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்னும் தளபதியால் தோற்கடிக்கப்பட்டதும் மாணவர் அறிந்தனவே. அப்போரைப் பற்றிப் பேசுவோர் வீரத்தை அளந்தளவிற்குக் கருவியை அளந்தாரில்லை. ஒவ்வொரு துவக்கின் பின்னும் ஓர் உலையும், ஒரு துருத்தியும், அவற்றின் முன்னே அமர்ந்த ஒரு கொல்லனும் இருந்தமையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அக்கொல்லனின் பட்டடையை இனி நோக்குவோம். துவக்கின் உயிர் அதன் குழல். பண்டைக் காலத்தில், காய்ச்சிய இரும்புப் பட்டையை ஒரு கம்பியின்மேற் சுற்றி, பொருந்துவாய்களைச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கினர். பொருந்துவாயில் ஒரு சிறு கசடு தங்கிவிடினும், குழல் பார்வைக்குக் குற்றமற்றதாயிருக்கும். முதல் வெடியிலோ நூறாவது வெடியிலோ அவ்விடத்திற் பிளக்கும். பிற்காலத்து நாட்டுத் துவக்குக்கு, வேறு தேவைக்கெனச் செய்யப்பட்ட நீர்க்குழாயே குழலாயிற்று. நீரின் அழுத்தத்தைத் தாங்கவென வார்க்கப்பட்ட இரும்பு வெடியின் அழுத்தத்தைத் தாங்குமென எதிர்பார்ப்பது, மண்சட்டியில் ஈயம் உருக்குவதை ஒக்கும்.

உலையினருகே உழைப்போனுக்கு நேரும் தீங்குகள் பலவகைப்பட்டன. தெறிக்கும் பொறி கண்ணைச் சுடும். அரத்தூளும் சாணைத்தூளும் நெஞ்சையடையும். சன்னத்துக்கு ஈயம் உருக்குங்கால் எழும் புகை கண்ணுக்குப் புலனாகாமலே உடலிற் சேரும். வயிற்றுவலி, கைச்சோர்வு, குருதிக்குறைவு என ஆண்டுகள் கழிந்தபின் வெளிப்படும் அந்நோயை ஊரார் வேறு பெயரால் அழைப்பர். சம்மட்டியின் ஒலியும் வெடியோசையும் செவியை மெல்ல மெல்ல மந்தமாக்கும். இவையாவும் இரும்புத் தொழிலுக்குப் பொதுவானவை. துவக்குத் தொழிலுக்கே சிறப்பாக உரியது யாதெனின், செய்து முடித்த பொருளை ஒருமுறையேனும் வெடித்துப் பார்த்தாலன்றி அதன் நன்மை தீமை அறியவியலாமையே. அரிவாளின் கூரை விரல்நுனியால் அறியலாம். துவக்கின் உறுதியை அவ்வாறு அறியலாகாது. அந்த முதல் வெடியை யார் வெடிப்பது, எங்கு நின்று வெடிப்பது என்னும் வினாவிலேயே இத்தொழிலின் பாதுகாப்பு வரலாறு தொடங்குகின்றது.

ஐரோப்பாவில் இவ்வினாவுக்கு விடைகாண நெடுங்காலம் சென்றது. இலண்டனிற் துவக்குச் செய்வோர் 1637இல் அரச பட்டயம் பெற்று ஒரு கழகமாயினர். குழல் ஒவ்வொன்றையும் வழமையினும் மிகுந்த மருந்திட்டு வெடித்து, தாங்கியவற்றுக்கு மட்டும் முத்திரை குத்துவது அக்கழகத்தின் பணியாயிற்று. பேர்மிங்காம் நகரில் இதற்கெனச் சோதனைச்சாலை ஒன்று 1813இற் சட்டத்தால் நிறுவப்பட்டது. குழல்கள் அடைத்த அறையொன்றில் வரிசையாகக் கிடத்தப்பட்டன. ஆட்கள் வெளியே நின்றனர். முதல் வெடியின் முன்னே மனித உடல் நிற்றலாகாது என்பது அவ்வாறு விதியாயிற்று. ஆயினும் உண்மையை உள்ளவாறு உரைப்பின், அவ்விதி தொழிலாளியைக் கருதி எழுந்ததன்று. வாங்குவோனின் கையும் வணிகனின் பெயரும் கெடாதிருக்கவே அது எழுந்தது. சோதனைச்சாலைக்கு அப்பால், அதே நகரிற் குழலைச் சாணை பிடித்தோர் கல் வெடித்துச் சிதறி மாண்டதையும், கற்புழுதியால் நெஞ்சு நைந்து இளவயதில் இறந்ததையும் எந்த முத்திரையும் தடுக்கவில்லை.

தொழிலாளியின் பக்கம் சட்டம் திரும்பியது பெரும் உயிர்ச்சேதங்களின் பின்னரேயாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் திரிக்குப் பதிலாகவும் தீக்கல்லுக்குப் பதிலாகவும் வெடிமூடிகள் வழக்கிற்கு வந்தன. மோதிய மாத்திரத்தில் வெடிக்கும் இரசக் கலவையைச் செப்பு மூடிகளில் நிரப்பும் வேலை, விரல் மென்மையுடையார்க்கே ஏற்றதெனக் கூறிப் பெண்களிடமும் சிறுமியரிடமும் ஒப்படைக்கப்பட்டது. பேர்மிங்காம் நகரில் வீடுகள் நெருங்கிய தெருவொன்றில் இயங்கிய இத்தகைய ஆலை 1859இல் வெடித்து ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். அந்நகர்க்கருகே உவிற்றன் என்னுமிடத்தில் 1870இல் நேர்ந்த தோட்டா ஆலை விபத்தில் 50 பேருக்கு மேல் இறந்தனர். இவற்றின் பின் 1875இல் இங்கிலாந்தின் வெடிபொருட் சட்டம் இயற்றப்பட்டது. மயேண்டி என்னும் படையதிகாரி அத்துறையின் தலைமைப் பரிசோதகராயினார். ஒரு கட்டடத்தில் இத்தனை பேரே இருக்கலாம், இத்தனை இறாத்தலே மருந்திருக்கலாம், கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இத்துணை இடைவெளி வேண்டும், இரும்பாணி அடித்த செருப்பு உள்ளே வரலாகாது என்றவாறு விதிகள் வகுக்கப்பட்டன.

இவ்விதிகளின் உட்கருத்து மிக எளிது. விபத்து நிகழவே நிகழாது என அச்சட்டம் நம்பவில்லை. நிகழுமெனக் கொண்டு, நிகழும்போது அருகிலிருப்போர் தொகையைக் குறைத்தது. மனிதனின் கவனத்தை மட்டும் நம்பாது தூரத்தையும் சுவரையும் நம்பியது. எமது கருத்தில், தொழிற்பாதுகாப்பைப் பற்றி 19ஆம் நூற்றாண்டு கண்டறிந்தவற்றுள் இதனினும் பெரிது வேறில்லை. ஆயினும் இதனையும் போர்க்காலம் புறக்கணிக்கவே செய்தது. முதலாம் உலகப் போரில், 1917 சனவரி 19ஆம் நாள், இலண்டனின் சில்வர்ரவுன் பகுதியிற் குடிமனைகளின் நடுவே இயங்கிய வெடிமருந்து ஆலை வெடித்து 73 பேர் இறந்தனர். அப்போரில் வெடிமருந்து நிரப்பிய பெண்களின் தோல் மஞ்சளாயிற்று. மருந்தின் நஞ்சு அவர்தம் ஈரலைத் தாக்கியது. மக்கள் அவர்களை மஞ்சட் குருவிகள் எனச் செல்லமாக அழைத்தனர். நோய்க்குச் செல்லப்பெயரிடுதல் எல்லா நாட்டாரிடத்தும் உள்ள பழக்கம் போலும்.

நம் அயலகத்திலும் இவ்வொழுங்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் 1884இல் வெடிபொருட் சட்டம் இயற்றப்பட்டது. நீலகிரியின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிமருந்தாலை எழுந்தது. திருச்சிராப்பள்ளியில் 1966இற் படைக்கலத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. விதியுள்ள இடத்தில் விபத்தில்லை எனக் கூறுதல் மிகையாகும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூருக்கு அண்மையில் தனியார் வெடிபொருள் ஆலையொன்றில் 2016 டிசெம்பர் 1ஆம் நாள் நேர்ந்த வெடிப்பில் ஏறத்தாழ 20 தொழிலாளர் மாண்டனர். எனினும் அது விபத்தெனப் பெயர் பெற்றது. விசாரணை என்னும் ஒன்றுக்கு இடமிருந்தது. இறந்தோர் தொழிலாளர் எனவே எண்ணப்பட்டனர். வன்னியின் கதை வேறாவது இவ்விடத்திலேயே.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம், அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலையும் செய்தலையும் குற்றமாக்கியது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934இலும், தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942இலும், வெடிபொருட் சட்டம் 1956இலும் வந்தன. முதலாவது சட்டம் கொல்லனைக் குற்றவாளியென நோக்கியது. அடுத்த இரண்டும் தொழிலாளியைக் காக்க வந்தனவாயினும், ஒரே மனிதன் இரு சட்டங்களின் முன்னும் ஒருங்கே நிற்கவியலாது. கையிற் காயமுற்ற கொல்லன் நட்டஈடு கேட்டுச் செல்வானாயின், காயம் எவ்வாறு நேர்ந்ததெனக் கூறல் வேண்டும். கூறின் சிறை செல்லல் வேண்டும். ஆதலின் அவன் கூறான். வைத்தியசாலையில் அடுப்பு வெடித்ததென்பான், அல்லது மரத்தால் விழுந்தேன் என்பான்.

இதனை வன்னியிலேயே இருந்த வேறொரு தொழிலோடு ஒப்புநோக்கலாம். பரந்தனில் 1950களில் இரசாயனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கு எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தியாயின. குளோரீன், முதலாம் உலகப் போரிற் கொலைக்கருவியாகப் பயன்பட்ட வாயு. தீங்கிலே துவக்கு மருந்துக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் அது பதியப்பட்ட தொழிற்சாலை. பரிசோதகர் வாயிலிற் புகலாம். தொழிலாளி தன் காயத்தைத் தன் பெயராற் கூறலாம். உள்நாட்டுப் போர் அவ்வாலையை அழித்தது. ஆலை இருந்த காலத்தில், அதற்குச் சில கட்டை தொலைவிலிருந்த கிராமத்துக் கொல்லனுக்கும் அதன் தொழிலாளிக்கும் இடையே இருந்த வேறுபாடு பொருளின் கொடுமையாலானதன்று. ஏட்டில் ஒரு வரி இருந்ததாலும் இல்லாமையாலும் ஆனது.

துவக்கு வேண்டாவெனின் ஊறும் இல்லையே என்பர் சிலர். இவர்கள் வன்னியிற் கமஞ் செய்தவரல்லர். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய நீர்த்தேக்கங்களின் கீழ் 20ஆம் நூற்றாண்டிற் குடியேற்றங்கள் பெருகியபோது, காட்டின் விளிம்பு வயலின் விளிம்பாயிற்று. ஆறு மாத உழைப்பை ஓரிரவிற் பன்றிக் கூட்டம் உழுதுவிடும். யானை வருமாயின் பயிரோடு குடிசையும் போம். அனுமதிபெற்ற துவக்கு ஏழைக் கமக்காரனின் கைக்கெட்டாதது. இராக்காவலோ உடலை வாட்டுவது. எனவே தான் துயிலும்போது தனக்காகக் காவலிருக்கும் ஒரு கருவியை அவன் விரும்பினான். கட்டுத்துவக்கு அவ்விருப்பத்தின் விளைவு.

இங்கேதான் நாம் தேடிய ஊறு வெளிப்படுகின்றது. சோதனைச்சாலையில்லாத நாட்டில் முதல் வெடியின் ஆபத்து பட்டடையிலே தங்குவதில்லை; அது துவக்கோடு கூடவே காட்டுக்குச் செல்கின்றது. பன்றியின் உயரத்திற்குக் கட்டப்பட்ட குழல் மனிதனின் காலை, பெரும்பாலும் முழங்காலையும் அதனை அண்டிய பகுதியையும் தாக்கும். சன்னத்தோடு சக்கையும் மண்ணும் புண்ணினுட் செல்வதால் அது எளிதில் ஆறுவதில்லை. எலும்பு நொறுங்கியவிடத்துக் காலையே இழக்க நேரிடுவதுமுண்டு. இலங்கையின் உலர்வலய வைத்தியசாலைகளின் மருத்துவர்கள் இக்காயத்தைத் தனியொரு வகையாகவே விவரித்துள்ளனர். அடிபடுவோர் யாவர்? விறகுக்கும் தேனுக்கும் காடு செல்வோர், மாடு தேடிப் போவோர், அயற்காணிக் கமக்காரர்; சில வேளை கட்டியவன் தானே. இவர் யாவரும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டிருந்தோர். காடும் வயலும் இவர்தம் தொழிற்றலமாயின், இக்காயங்கள் தொழிற்றலக் காயங்களேயாம். பொலிசாரின் ஏட்டில் அவை சட்டவிரோதத் துவக்கு என்னும் தலைப்பிலும், வைத்தியசாலை ஏட்டில் வெடிக்காயம் என்னும் தலைப்பிலும் அடங்கின. தொழில் என்னும் தலைப்பின் கீழ் அவற்றை எழுதுவாரில்லை. பன்றிக்கென உணவினுள் வைக்கப்படும் பன்றிவெடியும் இவ்வாறே. அதனை ஆக்குவோனின் விரல்களையும் அது பறிக்கும். வாயிலே கடித்த யானைக்குட்டியைப் பட்டினியாற் கொல்லும். அண்மைய ஆண்டுகளில் இலங்கையின் யானை இறப்புகளுக்குத் தலையான காரணங்களுள் அது ஒன்றாயிற்று.

போர்க்காலத்தில் வன்னியிற் படைக்கல உற்பத்தி வேறோர் அளவினை எய்தியது. தமிழீழ விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மிதிவெடிகளையும் கைக்குண்டுகளையும் எறிகணைகளையும் தாமே செய்தனர். மரப்பெட்டியிலான ஜொனி மிதிவெடியும், பாகிஸ்தானிய மிதிவெடியொன்றின் வடிவைத் தழுவிய நெகிழி உறையுடைய ரங்கன் 99 என்பதும் பின்னர் நிலத்திலிருந்து பெருந்தொகையாக மீட்கப்பட்டன. அவ்வேலைத்தலங்கள் இரகசியமானவை, எந்தத் தொழிற் பரிசோதகரும் அவற்றுட் புகவில்லை. ஆயினும் அங்கும் வேறிடங்களிலும் நேர்ந்த விபத்துகள் முற்றாகச் சுவடின்றிப் போகவில்லை. அவ்வியக்கம் வெளியிட்ட மாவீரர் விபரங்களில் மரணத்தின் காரணமாக வெடிவிபத்து என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. அச்சொல்லை வரலாற்று மாணவன் கடந்துபோதலாகாது. எதிரியின் குண்டாலன்றித் தன் கையிலிருந்த பொருளால் இறந்தமையை அது கூறுகின்றது. இரங்கற் பாவும் வீரப் பட்டமும் அளித்த அவ்வேடு, விபத்து ஏன் நேர்ந்தது, அடுத்த நாள் அவ்விடத்தில் அமர்ந்தவனுக்காக என்ன மாற்றப்பட்டது என்பவற்றைக் கூறுவதற்கென எழுதப்பட்டதன்று. அரசின் பக்கத்திலும் நிலை முற்றும் செவ்விதன்று. கொஸ்கமவுக்கருகே சாலாவ படைமுகாமின் ஆயுதக் களஞ்சியம் 2016 யூன் 5ஆம் நாள் வெடித்துச் சூழவுள்ள வீடுகளை அழித்தபோது, குடிமனைக்கும் களஞ்சியத்துக்கும் வேண்டிய இடைவெளி என்னும் பழைய பாடம் நினைவுக்கு வந்தது.

போர் 2009இல் முடிந்தபின் வன்னி மண்ணில் எஞ்சிய இரும்பு ஒரு பிழைப்பாயிற்று. பழைய இரும்பு பொறுக்கி விற்போர் எறிகணைக் கூடுகளையும் எடுத்தனர். செம்பையும் பித்தளையையும் பிரிக்கவென அவற்றை வெட்டியபோது சிலர் மாண்டனர், சிலர் ஊனமுற்றனர். படைக்கலம் செய்தவனின் ஆபத்து, அதனைப் பிரித்தவனின் ஆபத்தாய் மீண்டது. மீள்குடியேறிய குடும்பத்துக்கு வேறு வருவாயில்லாத வேளையில், ஆபத்தை அறியாமையால் அவர் அதைச் செய்தனரென்பது பொருந்தாது. போருக்குள் வாழ்ந்தோர் எறிகணையை நம்மினும் நன்கறிவர், அறிந்தே செய்தனர்.

இவற்றுக்கெல்லாம் மாறாக, வன்னியில் வெடிபொருளோடு கூடிய ஒரு தொழில் மட்டும் முறையாகப் பதியப்பட்டு நடைபெற்றுள்ளது. அது கண்ணிவெடி அகற்றல். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் தொடங்கிய இப்பணி, 2009இன் பின் மிக விரிந்தது; 2010இல் இதற்கெனத் தேசிய நிலையமொன்று அமைக்கப்பட்டது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. நிலவமைப்பாற் குடாநாட்டின் வாயிலிற் கிடப்பினும் ஆட்சியாற் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த முகமாலை, உலகில் மிதிவெடி செறிந்த நிலங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. அங்கு ஒருவர்க்கொருவர் அளந்த இடைவெளியில், அளந்து குறியிட்ட ஒழுங்கையில், தனித்தனியே வேலை செய்தனர். முகத்துக்கு மறைப்பும் மார்புக்குக் கவசமும் அணிந்தனர். நீண்ட பிடியுடைய வாரியால் மண்ணை மெல்லக் கிளறும் முறை இலங்கையிலேயே வளர்த்தெடுக்கப்பட்டது. வெடிப்பினும் கையும் முகமும் தொலைவில் இருக்கவேண்டுமென்பதே அப்பிடியின் நீளத்துக்குக் காரணம். மருத்துவ உதவியாளரும் நோயாளர் காவுவண்டியும் களத்திலே காத்திருந்தன. விபத்து நேரின் வேலை நிறுத்தப்பட்டு, அது நேர்ந்த வகை எழுதப்பட்டது. 1875ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைக்கு விதித்த தூரமும் தடுப்பும் இவ்வாறு முகமாலைப் பனங்காட்டு மணலை வந்தடைந்தன.

அப்பணியிற் பெண்கள் பெருந்தொகையினராயிருந்தனர். அவருட் பலர் போரிற் கணவரை இழந்து குடும்பத்தைத் தாமே தாங்கியோர். உலோகம் காட்டும் கருவியை அவர்கள் எடுத்தவுடன் நிலத்திற் பயன்படுத்துவதில்லை. காலையில் முதலிற் சோதனைக்கெனப் புதைத்துவைத்த உலோகத்தின்மேல் அதனைப் பிடித்து, அது ஒலிக்கின்றதா எனப் பார்ப்பர். ஒலித்த பின்னரே ஒழுங்கையினுள் இறங்குவர்.